வியாழனில் ஏன் தரை இல்லை?

வன்னி மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் கிடக்கிறது. அதனால் கோள்கள் இங்கே அடிவானத்தோடு ஒட்டிப் போவதில்லை, தலைக்கு மேலே நன்றாக ஏறிப் போகும். தெருவிளக்குத் தொல்லை குறைந்த இரணைமடுப் பக்கம் நின்று வருடம் முழுக்கக் கவனித்தால் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்தையும் வெறுங்கண்ணாலேயே பார்த்துவிடலாம். புதன் மட்டும் கொஞ்சம் கண்ணாமூச்சி காட்டும். ஆனால் இப்படிப் பார்ப்பதால் அவை எதனால் ஆனவை என்பது பிடிபடாது. வெள்ளியும் வியாழனும் பக்கத்துப் பக்கத்தில் வரும் நாட்களில் இரண்டும் வெளிச்சப் பொட்டுகள்தான். ஒன்றில் கல்லுத்தரை இருக்கிறது, மற்றதில் கால் வைக்கவே இடமில்லை என்று கண் சொல்லாது.

சொல்வது அடர்த்தி. ஒரு கோளைச் சுற்றும் சந்திரன் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம் சுற்றுகிறது என்று தெரிந்தால் அந்தக் கோளின் திணிவைக் கணக்கிட்டுவிடலாம். புதனுக்கும் வெள்ளிக்கும் சந்திரன் இல்லை. அவற்றுக்கு அருகால் போன விண்கலங்களின் பாதை எவ்வளவு வளைந்தது என்று பார்த்துத்தான் துல்லியமான கணக்கு எடுத்தார்கள். திணிவைக் கனவளவால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். ஒரு கன சென்ரிமீற்றர் நீரின் திணிவு 1 கிராம். அதே அளவு புதன் சராசரியாக 5.4 கிராம், வெள்ளி 5.2, பூமி 5.5, செவ்வாய் 3.9. அடுத்தது வியாழன், 1.3. சனி 0.7, அதாவது நீரைவிடவும் குறைவு. யுரேனஸ் 1.3, நெப்டியூன் 1.6. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் எண்கள் சட்டென்று விழுகின்றன.

இந்த எண்களைப் பலகையில் எழுதி, ஏன் இப்படி என்று பிள்ளைகளைக் கேட்டால் பெரும்பாலும் ஒரு பதில் முந்திக்கொண்டு வரும்: "பாரமானது சூரியனுக்குக் கிட்டவே தங்கிட்டுது, பாரமில்லாதது தூரப் போயிட்டுது, சேர்."

கரையோரப் பிள்ளைகள் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. கொக்கிளாய், புல்மோட்டைக் கரையில் அலை அதைத்தான் செய்கிறது. இல்மனைற்று, உருத்தைல், சேர்க்கன் போன்ற பாரமான கனியங்கள் கரிய பட்டையாகக் கரையில் தங்கிவிடும், இலேசான வெள்ளை மணலை அலை இழுத்துக்கொண்டு போகும். இல்மனைற்றின் அடர்த்தி 4.7, வெள்ளை மணலில் உள்ள குவாட்ஸ் 2.65. கையில் அள்ளிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஞாயிற்றுத் தொகுதியும் இப்படித்தான் பிரிந்தது என்று நினைப்பது சுகம். பல பாடப் பயிற்சிப் புத்தகங்களும் ஏறத்தாழ இதையே எழுதிவைக்கின்றன. ஆனால் அது சரியில்லை.

சரியில்லை என்று காட்ட இரண்டு சான்று போதும். பாரமானதெல்லாம் உள்ளே தங்கியிருந்தால் வியாழனில் கல்லும் இரும்பும் அரிதாக இருக்க வேண்டும். உண்மையில் புதன் முதல் செவ்வாய் வரையான நான்கு உட்கோள்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் திணிவில் இரண்டு பூமி அளவுதான் வரும். வியாழனுக்குள் ஐதரசன், ஈலியம் தவிர்ந்த பாரமான மூலகங்கள் மட்டும் பூமியைப் போல் பத்துக் கணக்கான மடங்கு கிடக்கின்றன. பாறைப் பொருள் அதிகம் உள்ளது உள்ளே அல்ல, வெளியே.

மற்றச் சான்று நம் காலடியிலேயே இருக்கிறது. ஒட்சிசன் அணு இலேசானது. நியோன் அதைவிடப் பாரம், செனன் இரும்பைவிடவே பாரம். எடைதான் தீர்மானித்தது என்றால் பூமியில் செனன் நிறையக் கிடக்க வேண்டும், ஒட்சிசன் அரிதாக இருக்க வேண்டும். நடப்பு தலைகீழ். பூமியின் திணிவில் ஏறத்தாழ 30 சதவீதம் ஒட்சிசன். நியோனும் செனனும் காற்றில் மிகச் சொற்பம். ஒட்சிசன் சிலிக்கனோடும் மகனீசியத்தோடும் இரும்போடும் கைகோத்துக் கல்லாகிவிடும், நியோனும் செனனும் யாரோடும் சேராது. அவ்வளவுதான் விஷயம். எது பாரம் என்பதல்ல கேள்வி. அந்த இடத்துச் சூட்டில் எது திண்மமாக முடிந்தது என்பதே கேள்வி.

ஏறத்தாழ 457 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இளஞ்சூரியனைச் சுற்றித் தட்டையாகச் சுழன்ற வாயுவும் தூசும்தான் எல்லாக் கோள்களுக்கும் மூலப்பொருள். அதில் திணிவுப்படி 98 சதவீதம் ஐதரசனும் ஈலியமும். மிச்சம் இரண்டு சதவீதத்தில் நீர், மெதேன், அமோனியா போன்றவை 1.4, கல்லாகக் கூடியவை 0.4, இரும்பு போன்ற உலோகங்கள் வெறும் 0.2. இந்தப் பங்கு உள்ளேயும் வெளியேயும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வேறுபட்டது வெப்பநிலை.

அந்தத் தட்டில் அமுக்கம் மிகக் குறைவு என்பதால் பொருட்கள் திரவமாகும் கட்டம் இல்லை, வாயுவிலிருந்து நேரே திண்மம். சூடு தணியத் தணிய முதலில் திண்மமானவை அலுமினியம், கல்சியம் சேர்ந்த ஒட்சைட்டுகள். ஏறத்தாழ 1,400 பாகை செல்சியசிலேயே அவை தூசாகிவிடும். நம் நாட்டு நீலக்கல் எந்தக் கனியமோ அதே குருந்தக்கல் இந்த முதல் வரிசையில் இருக்கிறது. 1969இல் மெக்சிக்கோவில் விழுந்த அய்யெந்தே விண்கல்லுக்குள் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரிபவை அப்படி உருவானவைதான், அவற்றின் வயதை அளந்துதான் மேலே சொன்ன 457 கோடி கிடைத்தது. அடுத்து 1,000 பாகையை ஒட்டி இரும்பும், மகனீசியச் சிலிக்கேற்றுகளும். நீர் பனியாக வேண்டுமென்றால் அந்த அமுக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழே 100 பாகையையும் தாண்ட வேண்டும். அமோனியாவுக்கும் மெதேனுக்கும் இன்னும் கீழே. ஐதரசனும் ஈலியமும் அந்தத் தட்டின் எந்த மூலையிலும் திண்மமாகவே இல்லை.

நீர் பனியாகத் தொடங்கும் அந்த எல்லையைப் பனிக்கோடு என்கிறார்கள். சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தைப் போல் சுமார் மூன்று மடங்கில், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே அது இருந்திருக்கிறது. அது அசையாத கோடல்ல, தட்டு ஆற ஆற உள்ளே நகர்ந்தும் இருக்கும். கோட்டுக்கு உள்ளே கோள் கட்டக் கிடைத்தது 0.6 சதவீதம் மட்டும். வெளியே அதோடு 1.4உம் சேர்ந்தது. மூன்று மடங்குக்கு மேல் கட்டுப்பொருள் கிடைத்ததால் அங்கே கோள்களின் கருக்கள் வேகமாகப் பருத்தன. கரு பூமியைப் போல் பத்து மடங்கு அளவுக்கு வந்ததும் அதன் ஈர்ப்பு சுற்றியிருந்த ஐதரசனையும் ஈலியத்தையும் வளைத்து இழுக்கத் தொடங்கிவிடும். இதற்கு ஒரு தவணையும் இருந்தது: சில மில்லியன் ஆண்டுகளில் தட்டில் இருந்த வாயு கலைந்து போய்விடும். அதற்குள் பருத்தவை வியாழனும் சனியும்.

உள்ளே நிலைமை வேறு. பூமியின் திணிவில் 32 சதவீதம் இரும்பு, 30 ஒட்சிசன், 15 சிலிக்கன், 14 மகனீசியம். நான்கு மூலகத்திலேயே பத்தில் ஒன்பது பங்கு முடிந்துவிட்டது. இரும்பில் பெரும்பகுதி நடுவே இறங்கிவிட்டது, மேலே மிஞ்சியது சிலிக்கேற்றுப் பாறை. அதைப் பார்க்க நாம் தூரம் போகத் தேவையில்லை. வவுனியாப் பக்கம் சல்லி உடைக்கும் கல்குவாரியில் வெளியே தெரிகிற வரிவரியான நைஸ் பாறைதான் அது. புவிச்சரிதவியலாளர் இலங்கையின் அடிப்பாறைகளைப் பிரிக்கும்போது இந்தப் பகுதிக்கு வன்னித் தொகுதி என்றே பேர் வைத்திருக்கிறார்கள். வெள்ளையும் சாம்பலுமான பட்டைகள் குவாட்ஸும் பெல்ஸ்பாரும், கரிய பட்டைகளில் இரும்பும் மகனீசியமும் கூட. இந்த மாதிரிப் பாறைகள் உக்கி உதிர்ந்த இடத்தில் இரும்பு காற்றோடும் நீரோடும் சேர்ந்து மண்ணைச் சிவப்பாக்கும். நம் கிரவல் தெருக்கள் சிவந்திருப்பதற்கும் செவ்வாய் சிவந்திருப்பதற்கும் காரணம் ஒன்றுதான், இரும்பு ஒட்சைட்டு.

வெள்ளியும் பூமியும் பருமனிலும் திணிவிலும் ஏறத்தாழ ஒன்று. உள்ளேயும் ஒரேமாதிரிப் பொருட்கள்தான் இருக்க வேண்டும். ஆனால் வெள்ளியின் காற்றில் 96.5 சதவீதம் காபனீரொட்சைட்டு, தரையில் அமுக்கம் நம்முடையதைப் போல் 90 மடங்குக்கு மேல், வெப்பம் 460 பாகைக்கும் மேல். பூமிக்குக் காபனீரொட்சைட்டு குறைவாகக் கிடைத்ததா? இல்லை. வெள்ளியின் காற்றில் இருப்பதோடு ஒப்பிடத்தக்க அளவு இங்கேயும் இருக்கிறது, கல்லுக்குள் கட்டுண்டு கிடக்கிறது.

கிணற்றுத்தண்ணீர் கொதிக்கவைத்த கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைச் சுரண்டி எடுத்து, அதன் மேல் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள். சிறுசிறு குமிழாக நுரைக்கும். அந்தக் குமிழுக்குள் இருப்பது காபனீரொட்சைட்டு. கேத்தலில் படிந்தது கல்சியம் காபனேற்று, சுண்ணக்கல்லின் அதே பொருள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலும், பூநகரி தொடங்கி மன்னார் நோக்கிய மேற்குக் கரையோரத்தின் அடியிலும் கிடப்பது கடலடியில் சிப்பியும் முருகையும் படிந்து உண்டான சுண்ணக்கல். உலகம் முழுக்க உள்ள இந்தக் கல்லையெல்லாம் சுட்டுக் காற்றில் விட்டால் நாமும் வெள்ளிதான். கடல் இருந்ததால் இங்கே வாயு கல்லாகியது, வெள்ளியில் கடல் நிலைக்கவில்லை. ஆக, காற்றை மட்டும் பார்த்து ஒரு கோளின் உள்ளடக்கத்தை எடைபோடக் கூடாது. உட்கோள்களின் வளிமண்டலம் மொத்தத் திணிவில் ஒரு தூசு, அதுவும் பெரும்பாலும் பின்னால் உள்ளே இருந்து கசிந்து வந்தது.

புதன் ஒரு தனி வழக்கு. அதன் இரும்புக் கரு ஆரையில் ஏறத்தாழ 85 சதவீதம் வரை வந்துவிடுகிறது, பாறை மேலே ஒரு மெல்லிய போர்வை. சூரியனுக்குக் கிட்ட என்பதால் பாறையெல்லாம் ஆவியாகிவிட்டது என்று நெடுங்காலம் ஒரு விளக்கம் ஓடியது. 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசெஞ்சர் விண்கலம் அந்தக் கதையில் மண்ணைப் போட்டது. அங்கே கந்தகமும் பொற்றாசியமும் தாராளமாகக் கிடக்கின்றன. சூட்டில் முதலில் ஓடவேண்டியவை அவைதான். அவை இருக்க, பாறை எப்படி ஆவியாகும்? பெரிய மோதல் ஒன்று மேற்போர்வையைப் பிய்த்திருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம். அதற்கும் இந்தக் கந்தகம் கொஞ்சம் இடைஞ்சல்தான்.

உட்கோள்கள் தொடக்கத்தில் கொஞ்ச ஐதரசனும் ஈலியமும் பிடித்திருந்தாலும் வைத்திருக்க முடியாது. பூமியைவிட்டுத் தப்ப செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர் வேகம் போதும், வியாழனைவிட்டுத் தப்ப ஏறத்தாழ 60 வேண்டும். இலேசான வாயு மூலக்கூறுகள் மேல் வளிமண்டலத்துச் சூட்டில் துள்ளித் துள்ளி ஒவ்வொன்றாகத் தப்பிவிடும். எடைக்கு இங்கே ஒரு பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. இன்று பூமியில் கிடைக்கும் ஈலியம் பெரும்பாலும் யுரேனியமும் தோரியமும் சிதையும்போது புதிதாகப் பிறப்பது. புல்மோட்டை மணலில் சிறிதளவு உள்ள மொனசைற்றுக்குள் தோரியம் இருக்கிறது. அங்கே இப்போதும் ஈலியம் பிறந்துகொண்டிருக்கிறது.

இனி வெளியே. 1995 டிசம்பர் 7ஆம் திகதி கலிலியோ விண்கலத்திலிருந்து பிரிந்த ஓர் ஆய்வுக்கூடு வியாழனின் முகிலுக்குள் இறங்கியது. ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் தகவல் அனுப்பியது, அப்புறம் சூடும் அமுக்கமும் அதை முடித்துவிட்டன. எதிர்பார்த்தபடியே ஐதரசனும் ஈலியமும் ஏறத்தாழச் சூரியனில் உள்ள விகிதத்தில் இருந்தன. எதிர்பாராதது ஆர்கன், கிரிப்தன், செனன் மூன்றும் சூரியனில் உள்ளதைவிட இரண்டு மூன்று மடங்கு செறிவாக இருந்தது. யாரோடும் சேராத இந்த வாயுக்களைப் பனி பிடித்து வைக்க வேண்டுமென்றால் இப்போது வியாழன் இருக்கும் இடத்தைவிட மிக மிகக் குளிரான இடம் வேண்டும். வியாழனைக் கட்டிய பனி எங்கிருந்து வந்தது என்ற தகராறு அன்று தொடங்கியது.

அந்தக் கூடு தரையைத் தொடவில்லை, தொடத் தரையும் இல்லை. கீழே போகப் போக ஐதரசன் அடர்ந்துகொண்டே போகும். எங்கே வாயு முடிந்தது, எங்கே திரவம் தொடங்கியது என்று சொல்ல ஓர் எல்லை இல்லை. இன்னும் ஆழத்தில், பூமியின் வளியமுக்கத்தைப் போல் பத்து இலட்சம் மடங்கையும் தாண்டிய இடத்தில், ஐதரசன் உலோகம் போல மின்னைக் கடத்தும். வியாழனின் பலத்த காந்தப்புலம் அங்கிருந்துதான். நடுவில் ஒரு கெட்டியான கல்லுருண்டை இருக்கும் என்று படம் போட்டுப் பழகியிருந்தோம். 2016இல் வியாழனைச் சுற்றத் தொடங்கிய ஜூனோ விண்கலத்தின் ஈர்ப்பு அளவீடுகள் அதையும் கலைத்துவிட்டன. பாரமான மூலகங்கள் ஐதரசனோடு கலந்து, வெகுதூரம் வரை பரவிக் கிடப்பதாகவே அவை காட்டுகின்றன. சனியிலும் ஏறத்தாழ இதே கதை.

யுரேனஸையும் நெப்டியூனையும் வியாழனோடு ஒரே பட்டியலில் போடுவது பழைய பழக்கம், விடவேண்டிய பழக்கம். திணிவில் வியாழன் 318 பூமி, சனி 95. யுரேனஸ் 14.5, நெப்டியூன் 17 மட்டும். இந்த இரண்டிலும் ஐதரசனும் ஈலியமும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவோதான். மிச்சம் பெரும்பாலும் நீர், மெதேன், அமோனியா, கூடவே பாறை. கருப் பருத்து முடிய நேரமாகிவிட்டது, அதற்குள் வாயு தீர்ந்துவிட்டது என்பதே பரவலான விளக்கம். உள்ளே நீர் குளிர்ந்த கட்டியாக இல்லை, பல ஆயிரம் பாகைச் சூட்டில் நெருக்குண்ட அடர்ந்த பாய்மமாக இருக்கிறது. இரண்டும் நீலமாகத் தெரிவது மேலே உள்ள மெதேன் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால்.

சூட்டுக்கேற்பப் பொருள் பிரிவது சூரியனைச் சுற்றி மட்டும் நடந்த விஷயமல்ல. 1610இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு சந்திரன்களை ஒரு நல்ல பைனாகுலரில் இன்று யாரும் பார்க்கலாம். உள்ளிருந்து வெளியே அவற்றின் அடர்த்தி: அயோ 3.5, யூரோப்பா 3.0, கனிமீட் 1.9, கலிஸ்ரோ 1.8. முதலாவதில் நீரே இல்லை என்று சொல்லலாம், கடைசி இரண்டிலும் ஏறத்தாழ அரைவாசி பனி. இளமையில் வியாழன் தகதகவென்று சூடாக இருந்தபோது அதைச் சுற்றிய சிறு தட்டிலும் ஒரு பனிக்கோடு இருந்திருக்க வேண்டும்.

இதோடு விட்டால் கணக்கு அழகாக முடியும். ஆனால் விண்கற்கள் விடுவதாக இல்லை. மொலிப்டெனம் போன்ற மூலகங்களின் சமதானிகளை, அதாவது ஒரே மூலகத்தின் வேறு வேறு திணிவுள்ள அணுக்களை, அளந்தால் விண்கற்கள் இரண்டு குடும்பமாகப் பிரிகின்றன, நடுவில் கலப்பே இல்லை. ஒன்று உள்தட்டில் பிறந்தது, மற்றது வெளித்தட்டில். இது பனி சேர்ந்ததா இல்லையா என்பதால் வரும் வித்தியாசமல்ல, தூசே வேறு வேறு. 2017இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு வியாழனைக் காரணம் காட்டியது: அதன் கரு முதல் பத்து இலட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே பூமியைப் போல் இருபது மடங்காகி, வெளியிலிருந்து தூசு உள்ளே வராமல் மறித்துவிட்டதாம். அப்படியானால் பூமி பெரும்பாலும் வியாழனுக்கு இப்பால் கிடந்த தூசால் கட்டப்பட்டது. எல்லோரும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும், ஆனால் தட்டில் வாயுவின் அமுக்கம் கூடித் தூசை மறித்து வைக்கும் ஒரு வளையம், அதாவது அமுக்க மேடு ஒன்றே வியாழன் இல்லாமலும் அந்த வேலையைச் செய்திருக்கலாம் என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது.

பாறை உள்ளே, வாயு வெளியே என்பதும் எங்கும் செல்லும் சட்டமல்ல. கலிலியோவின் கூடு வியாழனில் இறங்குவதற்கு இரண்டு மாதம் முந்தி, 1995 ஒக்ரோபரில், சுவிஸ் வானியலாளர்கள் மிஷேல் மயோரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனை வியாழன் போன்ற ஒரு கோள் 4.2 நாளுக்கு ஒருதரம் சுற்றுவதாக அறிவித்தார்கள். 2019இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்தச் சூட்டில் பனியும் கிடையாது, வாயுவைப் பிடிக்கும் கருவும் இலகுவில் பருக்காது. எங்கோ வெளியே பிறந்து உள்ளே நகர்ந்து வந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலானோர் முடிவு. ஒரு கோள் இருக்கும் இடமும் அது பிறந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்றதும் நம் வீட்டுக் கோள்களையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதாயிற்று. யுரேனஸும் நெப்டியூனும் இன்று இருக்கும் தூரத்தில் அவ்வளவு பருக்கப் போதிய பொருளும் நேரமும் இருந்திருக்காது, சூரியனுக்குக் கிட்டவே பிறந்து பிறகு வெளியே தள்ளப்பட்டிருக்கும் என்று பலர் கருதுகிறார்கள்.

இவ்விரண்டுக்கும் அருகால் போன ஒரே கலம் வொயேஜர் 2. யுரேனஸை 1986 ஜனவரியிலும் நெப்டியூனை 1989 ஓகஸ்ற்றிலும் கடந்தது. அதன்பிறகு யாரும் போகவில்லை. 2022இல் வந்த அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் பத்தாண்டுத் திட்ட அறிக்கை, அடுத்த பெரிய பயணம் யுரேனஸுக்கே என்று முதலிடம் கொடுத்தது. சுற்றுக்கலத்தோடு, வியாழனில் செய்தது போல முகிலுக்குள் இறக்க ஓர் ஆய்வுக்கூடும் அந்தத் திட்டத்தில் உண்டு. அது ஈலியத்தையும் ஆர்கன், கிரிப்தன், செனனையும் அளந்து அனுப்பினால், யுரேனஸைக் கட்டிய பனி எவ்வளவு குளிரில் உறைந்தது என்று கணக்கிடலாம். எங்கே பிறந்தது என்ற வழக்கு அப்போது ஒரு பக்கம் சாயும்.